ஊரடங்கு தந்த பாட்டு

போராட்டப் பாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது அறைகூவல். கொடியவன் பெயர் சொல்லப்படும். கொடுமைகள் எண்ணிக் காட்டப்படும். முடிவில் 'எழுக' என்ற முழக்கம் கேட்கும். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத அமெரிக்கப் பாட்டு ஒன்று, அந்நாட்டுப் போராட்டப் பாட்டுகளின் வரிசையில் முன்னிடம் பெற்றிருக்கிறது. 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு' என்னும் குழுவினர் 1966-இல் பாடிய 'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்' என்பதே அப்பாட்டு. (குழுவின் பெயரைக் கண்டு மலைக்க வேண்டா. தெருவில் நின்ற சாலை உருளை வண்டி ஒன்றில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரைத் தமக்கு இட்டுக்கொண்டனர்; அவ்வளவுதான்.)

நாட்டுப் பாடலின் எளிய மெட்டை மின்கித்தாரோடும் முரசோடும் இணைத்துப் பாடும் முறை 1965-இல் அமெரிக்காவில் பரவலாயிற்று. அதனை ஃபோக் ராக் என்பர். இப்பாட்டு அம்முறையைச் சார்ந்தது. எழுதியவர் ஸ்டீவன் ஸ்டில்ஸ்.

வியட்நாம் போரை எதிர்த்து எழுந்த பாட்டு இது என்றே பலரும் எண்ணுவர். பாட்டை எழுப்பிய நிகழ்ச்சியோ மிகச் சிறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் சன்செட் ஸ்டிரிப் என்றொரு வீதி உண்டு. இசை விடுதிகள் நிறைந்த அவ்வீதியில் இரவுதோறும் இளைஞர் கூடினர். கூட்டமும் வண்டி நெரிசலும் தொல்லை தருவதாக அப்பகுதிக் கடைக்காரர்களும் குடியிருப்போரும் முறையிட்டனர். 18 வயது நிரம்பாதோர் இரவு 10 மணிக்குமேல் அங்குத் திரியலாகாது என்ற ஊரடங்கு விதி கடுமையாக்கப்பட்டது. (விடுதி வாயிற்கதவின்முன் மூச்சிரைக்க வந்து நின்ற நம் நண்பர் சிலர்க்கு இந்த 10 மணியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.) 1966 நவம்பர் 12 அன்று 'பண்டோராஸ் பாக்ஸ்' என்ற விடுதியின்முன் ஏறத்தாழ ஆயிரம் இளைஞர் திரண்டனர். போலீசார் வந்தனர், கைகலப்பு மூண்டது. நடிகர் பீட்டர் ஃபோண்டாவுக்குக் கைவிலங்கு பூட்டப்பட்டது. மறு ஆண்டில் அவ்விடுதியே இடிக்கப்பட்டது. பாட்டோ டிசம்பர் 5-ஆம் நாளே ஒலிப்பதிவாகிவிட்டது. நிகழ்ச்சிக்கும் பதிவுக்கும் இடையே 23 நாட்கள்தாம்!

இரவு விடுதி ஒன்றின் வாயிலில் நடந்த சச்சரவு, போரைப் பற்றிய பாட்டாக எவ்வாறு மாறிற்று? அக்கால அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்தால் விடை விளங்கும். 18 வயது நிரம்பாதவன் இரவில் வீதியில் நிற்கலாகாது. 18 நிரம்பிவிட்டால் கட்டாயப் படைச்சேர்ப்பில் பெயர் பதிய வேண்டும். வியட்நாமுக்கு அனுப்பப்படவும் கூடும். வாக்களிக்கவோ பெரும்பாலான மாநிலங்களில் 21 நிறைய வேண்டும். 18 வயதினர்க்கு வாக்குரிமை தந்த அரசியல் சட்டத் திருத்தம் 1971-இல்தான் வந்தது. தெருவிலே தடுத்தவர்களும் போர்க்களத்திற்கு அழைத்தவர்களும் இளைஞர் கண்ணுக்கு ஒரே கூட்டமாய்த் தோன்றியதில் வியப்பென்ன?

பாட்டின் அமைப்பும் இம்மாற்றத்திற்கு இடம் தந்தது. தொடக்கத்தில் நீல் யங் என்பவர் கித்தார் நரம்பை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மணியோசை போன்ற இரண்டு ஒலிகளை எழுப்புகிறார். எச்சரிக்கை மணி போல அவை திரும்பத் திரும்ப வருகின்றன. பாடுபவர் குரலை உயர்த்துவதில்லை. எந்த ஊர், எந்தச் சட்டம், எந்த அதிகாரி என்ற செய்தி எதுவும் இல்லை. துப்பாக்கி தாங்கியவன் ஒருவன் பாட்டில் வருகிறான். யாருடைய ஆள் என்று கூறப்படவில்லை. பிற்பகுதியில் அச்சம் மனத்துள் புகுந்து குடியேறுவதைப் பாடுகிறார். என் கருத்தில் பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இன்னோர் இடம், மேடைகளில் பலர் கவனியாமற் போவது: தெருவில் அட்டை ஏந்தி நிற்போரையும் அவர் மெல்லக் குத்துகிறார். தம் கட்சிக்குத் தாமே வாழ்த்துக் கூறுவதைத் தவிர அந்த அட்டைகளில் வேறென்ன உண்டு என்பது போன்ற ஏளனம் அது.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். பாட்டினுள் அத்தொடர் எங்கும் வாராது. பெறுமதி எவ்வளவோ, இருப்பதைத் தருகிறேன் என்ற அடக்கமான பொருளில் வழங்கும் ஆங்கில வழக்கு அது. இசைத்தட்டுக் கம்பெனித் தலைவர் அகமது எர்டகனிடம் ஸ்டில்ஸ் அவ்வாறு கூறிப் பாட்டைத் தந்ததாகவும், அதுவே பெயராக நிலைத்ததாகவும் சொல்வர். 1967-இல் அது நாட்டின் விற்பனைப் பட்டியலில் 7-ஆம் இடம் வரை ஏறிற்று.

1965-இல் பாரி மக்வயர் பாடிய 'ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' முதலிடமே பெற்றது. ஆனால் அது அவ்வாண்டின் கொடுமைகளை வரிசையாக அடுக்கியது. இன்று கேட்டால் பழைய செய்தித்தாளைப் புரட்டுவது போலிருக்கிறது. 1970 மே 4 அன்று கென்ட் பல்கலைக்கழகத்தில் படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் மாண்டனர். உடனே நீல் யங் 'ஒஹாயோ' எழுதினார். ஸ்டில்சும் உடன் பாடினார். அதில் அதிபர் நிக்சன் பெயரே வருகிறது. இறந்தவர்க்கு அந்த நேர்மை வேண்டியதுதான். எனினும் அப்பாட்டை அந்நாளிலிருந்து பெயர்த்து வேறோர் ஊருக்குக் கொண்டுசெல்வது அரிது.

ஸ்டில்சின் பாட்டு பெயர்ந்துகொண்டே இருக்கிறது. 1998-இல் 'பப்ளிக் எனிமி' என்ற கறுப்பினக் குழு அதன்மேல் புதுப்பாட்டு ஒன்று கட்டியது. ஸ்டில்ஸ் தாமே வந்து பாடினார். 2020 ஆகஸ்டில் டெமாக்ரடிக் கட்சி மாநாட்டில் பில்லி போர்ட்டர் பாட, ஸ்டில்ஸ் கித்தார் வாசித்தார். தம் கட்சிக்குத் தாமே வாழ்த்துக் கூறுவோரை ஏளனம் செய்த பாட்டை ஒரு கட்சி மேடையிலேயே பாடினர். இது அங்கே எத்தனை பேர்க்கு உறைத்ததோ!