நிறுத்திய பின்னும் வரும் அழைப்பு
புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும்

தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகத்தில் பணிபுரியும் நாற்பத்து மூன்று வயது அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு கடும் மூச்சுத்திணறலுடன் நம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருபது ஆண்டுகாலப் புகைப்பழக்கம் அவருடைய மூச்சுக்குழாய்களை நிரந்தரமாகச் சுருக்கியிருந்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, இனிச் சிகரெட்டைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார். சொன்னபடியே ஏழு மாதங்கள் இருந்தார். எட்டாம் மாதம் தலைகுனிந்தபடி என் அறைக்கு வந்தார். "ஏழு மாசம் நினைப்பே இல்லை டாக்டர். பழைய ஷிப்டுக்கு மாத்தினாங்க. அந்த டீக்கடை வாசல்ல நின்னதும் கை தானா போயிடுச்சு" என்றார்.

இவர் கூறியது சாக்குப்போக்கு அன்று. துல்லியமான மருத்துவ வரலாறு. புகைப்பதை நிறுத்திய பலரும் முதல் மாதத்தைக் கடந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதுகின்றனர். பின்னர் திடீரென ஏக்கம் தோன்றும்போது, தம் மன உறுதியையே சந்தேகிக்கத் தொடங்குகின்றனர். அந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கும், அதை எவ்வாறு கடப்பது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை ஏக்கங்கள்

முதல் வகை, உடலின் ஏக்கம். உள்ளிழுக்கும் புகையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை அடைகிறது. அங்குள்ள ஏற்பிகளோடு இணைந்து, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. இரத்தத்திலுள்ள நிகோடினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், ஏற்பிகள் மீண்டும் மீண்டும் அதைக் கேட்கின்றன. புகைப்பதை நிறுத்தியதும் எரிச்சல், உறக்கமின்மை, கவனச்சிதறல், அதிகப் பசி, மலச்சிக்கல் ஆகியவை தோன்றுவது இதனால்தான். இவை முதல் வாரத்தில் உச்சமடைந்து, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும்.

இரண்டாம் வகை, நினைவின் ஏக்கம். நாளொன்றுக்குப் பத்து சிகரெட் வீதம் இருபது ஆண்டுகள் புகைத்தவர், எழுபதாயிரம் முறைக்கு மேல் அச்செயலைச் செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஓர் இடம், ஒரு நேரம், ஒரு மணம், ஒரு நண்பரின் முகம் அதனோடு சேர்த்து மூளையில் பதிந்துள்ளது. உடலில் நிகோடின் ஒரு துளியும் எஞ்சாத நிலையிலும் அந்த இடமோ மணமோ எதிர்ப்பட்டால் மூளை பழைய பாடத்தை ஒப்பிக்கிறது. மாதங்கள் கழித்து வரும் ஏக்கம் பெரும்பாலும் இவ்வகையே.

நாமே கண்டறிந்த சான்றுகள்

இதற்கு ஆய்வகம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சபரிமலைக்கு மாலை அணிந்து 41 நாள் விரதம் இருக்கும் அன்பர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் புகைத்தவர்கூட அந்நாட்களில் சிகரெட்டைத் தீண்டுவதில்லை. 41 நாட்களில் உடலின் ஏக்கம் பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகிறது. ஆயினும் அவர்களுள் சிலர் மாலையைக் கழற்றிய அன்றே மீண்டும் புகைக்கின்றனர். அவர்களை இழுத்தது நிகோடின் குறைபாடு அன்று. "இனித் தடையில்லை" என்ற எண்ணமும், அதற்காகக் காத்திருந்த பழைய சூழலுமே.

தொழிற்சாலை வாயிலும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. தீப்பற்றக்கூடிய பொருட்கள் உள்ள ஆலைகளில் தீப்பெட்டியையும் லைட்டரையும் உள்ளே கொண்டுசெல்ல அனுமதியில்லை. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் பெரிதாக ஏக்கமின்றி நிற்பவருக்கு, பணி முடியும் மணி நெருங்கியதும் பரபரப்பு ஏற்படுகிறது. இஸ்ரேலிய உளவியலாளர் ரூவன் தார் குழுவினர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புகைக்கும் விமானப் பணியாளர்களிடம் இதையே கண்டனர். நீண்ட பயணமாயினும் குறுகிய பயணமாயினும், விமானம் தரையிறங்கும் நேரம் நெருங்க நெருங்க அவர்களின் ஏக்கம் கூடியது. புகைக்காமல் எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைக் காட்டிலும், புகைக்கும் வாய்ப்பு எவ்வளவு அருகில் உள்ளது என்பதே அதைத் தீர்மானித்தது.

இதிலிருந்து இரு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, ஏக்கம் தோன்றுவதால் உங்கள் உடல் மீண்டும் அடிமையாகிவிட்டதாகப் பொருளன்று. மற்றொன்று, வாய்ப்பைத் தொலைவில் வைத்தால் ஏக்கமும் தொலைவில் நிற்கும். வீட்டிலோ வண்டியிலோ "அவசரத்திற்கு" என்று ஒரு சிகரெட்டை வைத்திருப்பது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும்.

பழைய பாடம் அழிவதில்லை

மூளை ஒருமுறை கற்ற தொடர்பை முற்றாக அழிப்பதில்லை. "தேநீர் என்றால் சிகரெட்" என்ற பழைய பாடத்தின் மேல், "தேநீர் என்றால் தேநீர் மட்டுமே" என்ற புதிய பாடத்தை எழுதுகிறது. ஒவ்வொரு முறை நீங்கள் புகைக்காமல் தேநீர் அருந்தி எழும்போதும் புதிய பாடம் ஒரு படி வலுப்பெறுகிறது. ஆனால், நெடுநாள் செல்லாத இடத்திற்குச் செல்லும்போதோ, கடும் துயரத்திலோ, மது அருந்திய மயக்கத்திலோ, அடியிலுள்ள பழைய எழுத்து மீண்டும் தெரியக்கூடும்.

இதை என் சொந்த அனுபவத்திலிருந்தும் கூறுகிறேன். பட்டமேற்படிப்புக் காலத்தில் நானும் புகைத்தவன். நிறுத்திப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் இரவுப் பணி முடித்து விடியற்காலையில் வெளியே வரும்போது, மழையில் நனைந்த சாலையும் தேநீர் மணமும் சேர்ந்தால், ஒரு கணம் அந்த நினைவு எட்டிப் பார்க்கிறது, பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்கு நான் இப்போது அஞ்சுவதில்லை. நீங்களும் அஞ்ச வேண்டியதில்லை.

உங்கள் தூண்டுதல்களை எழுதுங்கள்

ஒரு தாளில், ஏக்கம் தோன்றிய நேரம், இடம், உடனிருந்தவர், அப்போதைய மனநிலை ஆகிய நான்கையும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். நம் பகுதி நோயாளர்கள் பெரும்பாலும் குறிப்பிடுபவை இவை:

1. காலைக்கடன் நேரம். நிகோடின் குடலசைவைத் தூண்டுவதால், அது இன்றி மலம் கழியாது என்ற எண்ணம் உருவாகிறது. எழுந்ததும் இரு குவளை வெந்நீரும், உணவில் கீரையும் வாழைப்பழமும் போதிய உதவி செய்யும்.
2. கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், பணி முடிந்து வாயிலைக் கடக்கும் நேரமும்.
3. இரவு ஷிப்டில் உறக்கம் அழுத்தும் பின்னிரவு.
4. உணவுக்குப் பின்னரும் தேநீருடனும்.
5. மது. உறுதியை இதைப் போலத் தளர்த்துவது வேறொன்றில்லை.
6. திருமணம், திருவிழா, துக்கவீடு போன்ற கூட்டங்களில் பழைய நண்பர் நீட்டும் சிகரெட்.
7. மேலதிகாரியின் கடுஞ்சொல், கடன், குடும்பப் பூசல்.

இவற்றுள் தவிர்க்கக்கூடியவற்றை முதல் மூன்று மாதங்களேனும் தவிருங்கள். கடையை மாற்றுங்கள், நின்று குடித்த தேநீரை அமர்ந்து குடியுங்கள். தவிர்க்க இயலாதவற்றுக்கு முன்கூட்டியே ஒரு மாற்றுச் செயலை முடிவு செய்யுங்கள்.

ஐந்து நிமிடங்களைக் கடத்தல்

ஏக்கம் ஓர் அலை போன்றது. எழும், உச்சமடையும், தானே தாழும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் அதன் வேகம் குறைந்துவிடும். புகைத்தால்தான் அடங்கும் என்று எண்ணுவது தவறு, புகைக்காவிட்டாலும் அடங்கும். அந்நேரத்தில்:

கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள்.
நின்ற இடத்தை விட்டு நகருங்கள். இரண்டு நிமிடம் விரைந்து நடங்கள்.
மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து, உதடுகளைக் குவித்து, அதைவிட இருமடங்கு நேரம் வெளிவிடுங்கள். மூச்சுக்குழாய் நோயுள்ளவர்களுக்கு இது தனிப்பயனும் தரும்.
தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகுங்கள். ஏலக்காய், கிராம்பு, சோம்பு ஆகியவற்றுள் ஒன்றை வாயிலிடுங்கள். மெல்லும் புகையிலையையோ பான் மசாலாவையோ நாடாதீர்கள்; அது ஒரு குழியிலிருந்து மறுகுழிக்குத் தாவுவதாகும். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

ஏக்கம் கடுமையாக இருப்பின், நிகோடின் சூயிங்கம் உள்ளிட்ட மருந்துகள் உள்ளன. மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். சூயிங்கத்தைத் தொடர்ந்து மெல்லக் கூடாது. சிலமுறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தின் உட்புறம் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே தேநீர், காபி, குளிர்பானம் அருந்தலாகாது; அருந்தினால் நிகோடின் சரிவர உறிஞ்சப்படாது.

பலர் அறியாத ஒரு செய்தி

புகையிலுள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலின் சில நொதிகளை மிகையாக இயங்கச் செய்கின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. ஆதலால் வழக்கமான அளவு காபி அருந்தினாலும் கஃபீன் உடலில் கூடுதல் நேரம் தங்கும். அதனால் ஏற்படும் படபடப்பையும் உறக்கமின்மையையும் சிகரெட் ஏக்கம் எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இதே காரணத்தால், மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை உட்கொள்பவர்கள் புகைப்பதை நிறுத்தியவுடன் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அளவைக் குறைக்க நேரலாம். தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சி அன்று

மீண்டும் ஒரு சிகரெட் புகைத்துவிட்டவர், "எல்லாம் போயிற்று" என்று எண்ணி அன்றே ஒரு பாக்கெட்டை முடிக்கிறார். கேடு செய்வதில் அந்த முதல் சிகரெட்டை விட இந்த எண்ணம் வலியது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் சறுக்கலையும் வீழ்ச்சியையும் வேறுபடுத்திக் காட்டியதன் பயன் இதுவே. சறுக்கினால் எஞ்சிய சிகரெட்டுகளைக் கசக்கி எறியுங்கள்; எந்தச் சூழல் சறுக்கியது என்று தாளில் எழுதுங்கள்; அன்றே நிறுத்துங்கள். புகைக்காமல் கழிந்த மாதங்கள் வீணாகவில்லை.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

சட்டைப்பையைச் சோதிப்பதும் வாயை முகர்ந்து பார்ப்பதும் பயன் தருவதில்லை. அவை மறைக்கவே கற்றுக்கொடுக்கும். அவர் எரிச்சலுற்றால் முதல் சில வாரங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். "இன்று எந்த நேரம் கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். வீட்டில் வேறு எவரேனும் புகைப்பவராயின், அவரும் உடன் நிறுத்துவதே மிகச்சிறந்த உதவி.

எந்த வயதிலும் பயன் உண்டு

பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவினரின் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தனர். அறுபது வயதில் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் நிறுத்தியவர்கள் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் நிறுத்தியவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டனர்.

முதலில் குறிப்பிட்ட அன்பர் அன்றே மீண்டும் நிறுத்தினார். இம்முறை தாளில் முதலாவதாக எழுதியது அந்தத் தேநீர்க்கடையைத்தான். இப்போது வீட்டிலிருந்து குடுவையில் தேநீர் கொண்டு சென்று, பேருந்தில் அமர்ந்து அருந்துகிறார். இழந்த நுரையீரல் திறன் முழுமையாகத் திரும்பாது. ஆனால் மேலும் தேய்வதன் வேகம் குறையும். மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கையில் மேம்பாலப் படிகளில் நிற்காமல் ஏற முடிகிறது என்று சென்ற மாதம் கூறினார்.

உதவி வேண்டுவோர் நம் மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவை அணுகலாம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். சறுக்கியவர்களும் தயங்காமல் வாருங்கள். உங்களைக் கடிந்துகொள்ள இங்கு எவரும் இல்லை.