காந்தம் கட்டினால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: திண்டிவனத்திலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு காரில் போய்வருகிறேன். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டி, ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டரும் போட்டால் பவரும் மைலேஜும் கூடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: காந்தம் வெறும் ஏமாற்று. ஃபில்டர் கதை வேறு. உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலைத்தான் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) விடுகிறது. அதனால்தான் 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் அடைத்துப்போன ஃபில்டரோடு சோதித்தபோதுகூட மைலேஜ் பெரிதாக விழவில்லை, பிக்கப்தான் குறைந்தது. அடைப்பே தொடாத மைலேஜை விலை கூடிய ஃபில்டர் எப்படி ஏற்றும்? பவர், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் துளி கிடைக்கலாம். (சத்தம் நிறையவே கிடைக்கும்!) மைலேஜ் கூட வேண்டுமானால், உங்கள் நான்குவழிச் சாலையில் 100இல் போவதை 80 ஆக்குங்கள், காற்றின் எதிர்ப்பு மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். டயர் காற்றையும் பாருங்கள்.