கேட்கப் போகிறவளுக்குச் சில சொற்கள்

கண்ணு, அமெரிக்காவின் டெட்ராய்டில் ஜாஸும் டெக்னோவும் ஒரே இரவில் ஒலிக்கும் சின்ன அரங்கத்துக்கு முதல்முறையாகப் போகப்போகிறாய். ஜாஸ் அந்த ஊரில் வளர்ந்தது. டெக்னோ என்ற மின்னணு நடன இசை அங்கேயே பிறந்தது. சின்ன அறையில் கேட்பவருக்கும் இசையில் பங்கு உண்டு. அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

1. முன்னதாகப் போ. வாசிப்பவரின் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார். 1934 முதல் ஜாஸ் ஒலிக்கும் டெட்ராய்டின் பேக்கர்ஸ் கீபோர்டு லவுஞ்சில் மதுக்கூட மேசையே பியானோ வடிவில் வளைந்திருக்கும். கிட்டத்தில் உட்கார்ந்த இரவொன்றில் பார்த்தேன்: தன் முறை முடிந்ததும் பியானோக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி டிரம்ஸைக் கேட்டார். வாசிக்கிறவரே அப்படிக் கேட்டால் நாம் எம்மாத்திரம்?

2. பேஸ் தனியாக ஒலிக்கும்போது பேசாதே. சத்தம் தணிந்ததும் கதை பேசத் தோன்றும். காது கூர்மையாக வேண்டிய நேரமே அதுதான். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் கூடத்தில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் குழு வாசித்த பதிவில், கண்ணாடிக் குவளைகள் உரசுவதும் ஆட்கள் பேசுவதும் இன்றும் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ 11 நாளில் கார் விபத்தில் இறந்துபோனார். அன்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாசிப்பு மறுபடி வாய்க்கவில்லை.

3. டெக்னோவை இயந்திரம்தானே என்று இளக்காரம் செய்ய வேண்டாம். டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸ் டிஆர்-909 தாளப்பெட்டியை மேடையிலேயே விரல்களால் வாசிப்பவர். நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியின் டிரம்ஸ்காரர் டோனி ஆலன் அவரோடு சேர்ந்து வாசித்து, 2018இல் இசைத்தட்டும் வெளியிட்டார். மூத்த கலைஞருக்கே அது கௌரவக் குறைவாகப் படவில்லை.

4. பொறுமையாக இரு. டெக்னோ மெல்லத்தான் விரியும். அதே அடி நெடுநேரம் ஓடும். ஒரு ஹை-ஹாட் வந்து சேரும், பேஸ் விலகும், உடம்பு தானாக அசையும். போனைப் பையில் போடு. படம் பிடிக்கிற கை தாளம் போடாது.

5. காதைக் காப்பாற்று. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 100 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது. இயர் பிளக் வைத்துக்கொள்ள வெட்கப்படாதே. ஸ்பீக்கரை ஒட்டி நிற்பதே வீரம் என்றிருந்த என் நண்பர்கள் சிலர், இன்று பேரப்பிள்ளையின் மழலை கேட்காமல் தவிக்கிறார்கள்.

6. மூத்தவர்களை மறக்காதே. பாடகர் ரே சார்ல்ஸ் குழுவில் ட்ரம்பெட் வாசித்த மார்கஸ் பெல்கிரேவ், டெட்ராய்டில் தங்கி இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். டெக்னோ கலைஞர் கார்ல் கிரெய்க் தயாரித்து 2003இல் வந்த 'தி டெட்ராய்ட் எக்ஸ்பெரிமென்ட்' இசைத்தட்டிலும் வாசித்தார். இரண்டு இசையும் அங்கே உறவாடுவது இப்படிப்பட்ட பெரிய மனசுக்காரர்களால்தான். நீயும் அப்படி இரு. நுழைவுக் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடு; வாசித்தவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்; அடுத்த முறை போகும்போது இந்த இசையைக் கேட்டறியாத ஒருவரைக் கூட்டிப்போ.