பெஸ்ஸரி வளையம் அணியும் மாதருக்கு

பிரசவங்களாலும், ஓயாது பாரம் தூக்கியதாலும், வயோதிகத்தாலும் அடித்தசைகள் தளர்ந்து கர்ப்பப்பை கீழிறங்கிய ஸ்திரீகளுக்கு, சஸ்திர சிகிச்சையின்றியே அதைத் தாங்கி நிறுத்தும் சாதனமாகிய பெஸ்ஸரி என்னும் சிலிக்கோன் வளையம், வைத்தியர் அளவு பார்த்துப் பொருத்திய பின், உள்ளே இருப்பதே தெரியாதவண்ணம் அமைய வேண்டும்; உறுத்தினாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, அன்றே திரும்பிச் செல்வது உத்தமம்.

தாமே கழற்றக் கற்றவர்கள், வாரம் ஒருமுறையேனும் இரவில் அதை எடுத்து, வாசனையற்ற சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவித் துடைத்து வைத்து, காலையில் ஒரு காலை முக்காலியின்மேல் ஊன்றியோ, மல்லாந்து படுத்தோ, வளையத்தை இரண்டாக மடித்து, நுனியில் நீரில் கரையும் வழுவழுப்புக் களிம்பைத் தடவி உள்ளே செலுத்திவிட்டால், அது தானே விரிந்து நிலைகொள்ளும். கழற்ற இயலாதோர் 3 முதல் 6 மாதங்களுக்கொருமுறை, வைத்தியர் குறித்த தவணையில், பரிசோதனைக்குச் செல்லத் தவறலாகாது. ஏனெனில், வருஷக்கணக்கில் மறக்கப்பட்ட வளையம் சதையை அரித்து மூத்திரப்பையையே துளைத்துவிடக்கூடும். லஜ்ஜையால் மருமகளிடம்கூடச் சொல்லாமல் அணிந்திருக்கும் மூதாட்டிகள் விஷயத்தில் இம்மறதி எளிதில் நேரும். ஆகவே வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருப்பது அவசியம்.

மலச்சிக்கலில் முக்கினால் வளையம் நழுவி விழுவதுண்டு. வளையம் தாம்பத்தியத்துக்குப் பெரும்பாலும் தடையாவதில்லை. கனசதுர வடிவப் பெஸ்ஸரியையோ முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். மாதவிடாய் நின்றோர்க்குப் புண்ணாகாதிருக்க வைத்தியர் ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதித் தருவதுண்டு. இரத்தக்கசிவோ துர்நாற்றமோ கண்டால் தவணைக்குக் காத்திராமல் செல்க.