சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை - ஏன்?

உணவு செரிப்பதற்காக இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது இரைப்பையையே அரித்துவிடாமல் உட்சுவரிலுள்ள சளிப்படலம் காக்கிறது. அக்காப்புக் குலைந்தால் புண் உண்டாகும். அமிலம் உணவுக்குழலுக்குள் ஏறினால் நெஞ்செரிச்சல் தோன்றும். இவற்றுக்குத் தரப்படும் மருந்துகள் மூன்று வழிகளில் அமிலத்தைக் குறைக்கின்றன.

முதல் வழி, சுரந்த அமிலத்தை நடுநிலையாக்குவது. மக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் அமிலத்துடன் வினைபுரிந்து உப்பும் நீரும் உண்டாகின்றன. எரிச்சல் உடனே தணியும். ஆனால் புதிய அமிலம் சுரந்தபடியே இருக்கும்.

இரண்டாம் வழி, சுரக்கச் சொல்லும் கட்டளையைத் தடுப்பது. ஹிஸ்டமின், காஸ்ட்ரின், அசிட்டைல்கோலின் என்னும் மூன்று பொருள்கள் அமிலம் சுரக்கும் செல்களைத் தூண்டுகின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல், ஹிஸ்டமின் செல்லின் ஏற்பியில் பொருந்துகிறது. அந்தப் பூட்டைத் திறக்காமல் அடைத்துக்கொள்ளும் சிமெடிடினைப் பிரிட்டனில் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் உருவாக்கினர். அது 1976-இல் விற்பனைக்கு வந்தது. அதன்பின் புண்ணுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் தேவை வெகுவாகக் குறைந்தது. 1988-இல் பிளாக் நோபல் பரிசு பெற்றார். ஆயினும், மற்ற இரு கட்டளைகளும் செல்லை எட்டிக்கொண்டே இருந்தன.

மூன்றாம் வழி, அமிலத்தை வெளியேற்றும் பம்பையே நிறுத்துவது. இப்பம்பு ஒரு புரதம். அது பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து, ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. சுவீடனில் உருவான ஒமெப்ரசோல் அமிலம் பட்டதும் உருமாறி இப்பம்பில் நிலையாக ஒட்டிக்கொள்கிறது. வெறும் வயிற்றில் பெரும்பாலான பம்புகள் ஓய்ந்திருக்கும்; உண்ணும்போதுதான் வேலையைத் தொடங்கும். மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். பம்புகள் இயங்கும் வேளையில் மருந்து அங்கே இருக்க வேண்டும். ஆகவேதான் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு அதை உட்கொள்ளச் சொல்கிறார்கள். செல் புதிய பம்புகளை உண்டாக்கும் வரை, மருந்து மறைந்த பின்னும் பலன் நீடிக்கும்.

அமிலத்தைக் குறைத்து ஆற்றிய புண் ஏன் மீண்டும் வந்தது? பல புண்களுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவே காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் காட்டினர். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனவே கிருமியை ஒழிக்கும் மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. அமிலம் நமக்குப் பகையன்று. உணவுடன் வரும் பல கிருமிகளை அது கொல்கிறது. மருத்துவர் சொல்லாமல் இம்மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது தவறு.

இப்போது ஒரு கேள்வி: ஒமெப்ரசோல் மருந்துக்கு, அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில் கரையும் உறை இடுகிறார்கள். அதை மென்று விழுங்கக் கூடாது என்பது ஏன்? சிந்தித்துப் பாருங்கள்.