தலைகுனிவு ஒப்புதலாகுமா?

வீட்டில் எவரும் இல்லாத வேளையில் நாய் செருப்பைக் கடித்துக் குதறிவிடுகிறது. நாம் திரும்பியதும் காதுகளை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, பார்வையை வேறுபக்கம் திருப்புகிறது. "செய்த தவறு அதற்கே தெரிகிறது" என்கிறோம். இம்முடிவு சரியானதா?

நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் இதனை 14 நாய்களைக் கொண்டு சோதித்து, 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாய்க்குக் கட்டளையிட்டுவிட்டு வளர்ப்பவர் வெளியே செல்வார். அவர் இல்லாதபோது ஆய்வாளர் சிலமுறை அப்பண்டத்தை நாய்க்கே கொடுத்துவிடுவார், சிலமுறை அகற்றிவிடுவார். திரும்பி வருபவரிடம் சிலமுறை உண்மையும் சிலமுறை பொய்யும் கூறப்படும். நாய் தின்றுவிட்டது என்று கேட்டவர் அதனைக் கடிந்துகொள்வார்.

குற்றவுணர்வு போன்ற அத்தோற்றம், நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து அமையவில்லை; ஏச்சு விழுந்ததா என்பதையே பொறுத்திருந்தது. தின்னாமலே ஏச்சுப் பெற்ற நாய்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது! ஆகவே, அத்தோற்றத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ள இடமில்லை. நம் சினத்திற்கு அஞ்சி அதனைத் தணிக்க முயல்வதாகவே கொள்ளத் தகும்.

இதனால் நாய்க்கு மனமில்லை எனக் கருதலாகாது. வியன்னா நகரில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஒரே செயலுக்குப் பக்கத்து நாய்க்கு மட்டும் உணவு கிடைக்கக் கண்ட நாய்கள், பாதத்தை நீட்ட மறுத்தன. புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற நாய்கள் தாம் இயல்பாகச் செய்த செயலை, கேட்கப்படும் என்று எதிர்பாராதபோதும் நினைவிலிருந்து மீண்டும் செய்துகாட்டின. விலங்குகளிலும் மனமுடைய ஐயறிவுயிர்கள் உண்டு என நம் சமயம் கூறுவதை இங்கு நினைவுகூரலாம்.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், உடைந்த சிலேட்டு ஒன்றைப்பற்றி ஒரு சிறுமியை உரத்த குரலில் விசாரித்தேன். அவள் தலைகுனிந்தாள். அதனையே ஒப்புதலாகக் கொண்டு தண்டித்தேன். உடைத்தவள் வேறொருத்தி என்பது மறுநாள் தெரிந்தது. அச்சிறுமி தலைகுனிந்தது என் குரலுக்கு அஞ்சி. இந்த ஆய்வைப் படித்தபோது அவள் முகமே கண்முன் நின்றது.

நேரம் கடந்தபின் அடிபடும் நாய் எது தவறென்று கற்பதில்லை; அடிப்பவரைக் கண்டு அஞ்சவே கற்கிறது. செருப்பை எட்டாத இடத்தில் வைப்பது நம் கடமை.

சிந்திக்க:
1. தின்னாத நாயும் குற்றமுள்ளதுபோல் தோன்றியது ஏன்?
2. அச்சத்தை ஒப்புதலெனக் கொண்டு நாம் எவரையேனும் தண்டித்ததுண்டா?