மேற்கு ஆப்பிரிக்கப் பயணம்: புறப்படுமுன் செய்யவேண்டிய ஏற்பாடுகள்

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் இராணுவத்துக்கும் துணை இராணுவப் படைக்கும் இடையே போர் மூண்டது. அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்களுள் மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்தைச் சேர்ந்த ஹக்கிபிக்கிப் பழங்குடியினரும் இருந்தனர். மூலிகைப் பொருள்களும் தலைமுடி எண்ணெயும் விற்கச் சென்றவர்கள் அவர்கள். இந்திய அரசு ‘ஆபரேஷன் காவேரி’ என்னும் மீட்புப் பணியின் மூலம் 3,800க்கும் மேற்பட்டோரைத் தாயகம் கொண்டுவந்து சேர்த்தது.

கண்டத்தின் மேற்குப் பகுதியிலும் இடர்கள் உண்டு. 2025 ஜூலை 1 அன்று மாலி நாட்டின் காயெஸ் நகரில், சிமென்ட் ஆலையில் பணியாற்றிய மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டனர். அதே மாதம் நைஜரின் தொஸ்ஸோ பகுதியில் நடந்த தாக்குதலில் இரு இந்தியர்கள் உயிரிழந்தனர். நவம்பரில் மாலியில் மின்மயமாக்கல் பணியில் இருந்த தமிழகத் தொழிலாளர் ஐவர் கடத்தப்பட்டனர்.

இதனால் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதையும் அஞ்ச வேண்டியதில்லை. கானா, செனகல் போன்ற நாடுகளில் இந்தியர் பலர் அமைதியாக வாழ்ந்து தொழில் புரிகின்றனர். ஆயினும் அயல்நாட்டில் இடர் நேரும்போது கிடைக்கும் உதவி, புறப்படுமுன் நாம் செய்து வைத்த ஏற்பாட்டைப் பொறுத்தே அமையும். அவ்வேற்பாடுகளை நான்கு பகுதிகளாகக் காண்போம்.

1. ஆவணங்களும் பதிவும்

குடியேற்ற அனுமதி கட்டாயமான நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் இல்லை. ஆகவே பணி ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு பெரிதும் பயணியையே சாரும். முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். முகவர் பெறக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு ரூ.30,000, அதனுடன் சரக்கு-சேவை வரி. அதற்கு மேல் கேட்பவரிடமும், இரசீது தர மறுப்பவரிடமும் விலகியிருத்தல் நலம். பணியிடம் எந்த ஊரில் உள்ளது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தால் பெறுக. தலைநகருக்கும் எல்லைப்புறத்துக்கும் பாதுகாப்பில் பெரும் வேறுபாடு உண்டு.

சென்று சேர்ந்த உடனே, அந்நாட்டுக்கான இந்தியத் தூதரகத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பதிவு செய்க. நாம் இருக்குமிடம் தெரிந்தாலன்றித் தூதரகத்தால் நம்மைத் தேடி வர இயலாது.

2. உடல்நலம்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இப்பகுதியின் பல நாடுகளில் கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். சான்றிதழ் இன்றித் திரும்புவோரை இந்தியா 6 நாட்கள் வரை தனிமையில் வைக்கக்கூடும். மலேரியாவுக்கு மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் அவர் கூறும் காலம் வரை உட்கொள்ளல் வேண்டும். ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுக.

3. பணம்

செனகல், மாலி, ஐவரி கோஸ்ட் உள்ளிட்ட எட்டு நாடுகளில் சி.எஃப்.ஏ. பிராங்க் வழங்குகிறது, அதன் மதிப்பு யூரோவுடன் பிணைக்கப்பட்டது. நைஜீரியாவில் நைரா, கானாவில் செடி. பயணம் ஒன்றுக்கு 3,000 டாலர் மதிப்புவரை அந்நிய நாணயத் தாள்களாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியதை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பானது.

பற்று அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்கிவைத்து, நாள்வரம்பைக் குறைவாக நிர்ணயிக்கவும். ஒருமுறைக் கடவுச்சொல் வருவதற்காக இந்தியக் கைபேசி எண்ணில் ரோமிங் வசதியைப் பெறுக. எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். அட்டை ஒன்றைப் பெட்டியில் தனியே வையுங்கள். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை தென்பட்டால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள். மூன்றாம் தரப்பினரின் மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்தவருக்கு இப்பாதுகாப்பு கிட்டாது.

4. வீட்டில் இருப்போர்

மகன் அக்ராவில் பணிபுரிகிறார், பெற்றோர் மைசூரு ராமாபுரத்தில் இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் ஓர் அழைப்பு: “உங்கள் மகனுக்கு விபத்து, அறுவைச் சிகிச்சைக்கு உடனே பணம் அனுப்புங்கள்.” பதற்றத்தில் அனுப்பப்படும் பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். அச்சொல்லைக் கூறாதவருக்குப் பணம் அனுப்பாது, முதலில் மகனின் எண்ணையும், அடுத்து நிறுவனத்தையும், பின்னர் தூதரகத்தையும் அழையுங்கள்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், தடுப்பூசிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் நகல்களும், நிறுவனம், தூதரகம், வங்கி ஆகியவற்றின் எண்களும் வீட்டில் ஒரே உறையில் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயரைப் பதிந்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்துப் பேசும் வழக்கமும் வேண்டும். குறித்த நேரத்தில் அழைப்பு வரவில்லையெனில், எப்போது, யாரிடம் கேட்பது என்பதை வீட்டார் அன்றே அறிந்திருப்பர். விமானச் சீட்டு வாங்கிய நாளிலேயே அவ்வுறையை அணியமாக்கத் தொடங்குவது நன்று.